தாளாளர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி

முதல் பீரியடில் செய்தி வந்தது. ஏழாம் வகுப்புக்கு வெளியே நின்று போனை எடுத்தேன். அமுதவல்லி மிஸ்ஸின் தம்பி.

"அக்கா போயிருச்சுங்க."

முந்தின நாள் செமஸ்டர் தேர்வுக்காகத் திருச்சிக்குப் புறப்பட்டவர், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். தம்பி சொன்னார்: "வாடகை வீட்டுல வைக்க விடமாட்டேங்கிறாங்க. எங்கிட்டுக் கொண்டுபோறதுன்னு தெரியலைங்க." அவருக்கும் திருப்பூரில் வாடகை வீடு.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பள்ளியில் வெகுகாலம் வேதியியல் ஆசிரியை. கடைசியில் சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிரசவ விடுப்பு கேட்ட கணக்கு மிஸ்ஸை வேலையிலிருந்தே நிறுத்திய வாரம் நினைவிருக்கும். எல்லோரும் முணுமுணுத்தோம். இவர் மட்டும் தாளாளர் அறைக்குள் போனார். கதவு திறந்திருந்தது.

"இது எந்தச் சட்டத்துலங்க இருக்கு?"

"கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நீங்களே சொல்லுங்க மிஸ்."

பதில் தெரியாமல் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. மதியம் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "கோவத்துக்கும் ஒரு படிப்பு வேணும்ப்பா."

உடனே முடிவெடுத்துவிடவில்லை. ஒரு வாரம் தடுமாறினார். இந்த வயதில் மனப்பாடம் நிற்குமா? வேலையை விட்டால் சோறு? டியூஷன் போதுமா? பட்டதாரிகளுக்கு மூன்று வருடச் சட்டப் படிப்பு. டிகிரி மார்க்கைப் பார்த்துத்தான் இடம். விண்ணப்பம் ஆன்லைனில். அதெல்லாம் நான்தான் போனில் தேடிச் சொன்னேன். ஜெராக்ஸை வைத்து விண்ணப்பித்துவிடலாம். சேரும்போது அசல் சான்றிதழ்கள் வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிவைத்த அசல் தாளாளரின் பீரோவில் இருந்தது. நம் எல்லோருடையதும் அங்கேதான் இருக்கிறது.

"நீயும் போடும்மா."

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்."

"நல்லா யோசி. யோசிக்கிறதுக்குக் கடைசித் தேதி கெடையாது. அப்ளிகேசனுக்கு உண்டு."

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இடம் கிடைத்தது.

ராஜினாமா கொடுத்த பிறகும் சான்றிதழ் வரவில்லை. ரெண்டு மாசம் கழித்து வாங்க என்றார்கள். கல்லூரியில் சேர அவ்வளவு நாள் இல்லை. மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து தாளாளர் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். அட்மிஷன் நேரம். வந்த பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்டார்கள்.

"என்ன மிஸ், வெளியில உக்காந்திருக்கீங்க?"

"ஒன்னுமில்லைங்க. என் சர்டிபிகேட் உள்ள இருக்கு. குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க பிள்ளையச் சேக்கத்தானே வந்தீங்க? போங்க, போங்க."

குரலை உயர்த்தவே இல்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கவர் வெளியே வந்தது.

அடுத்தது வீடு. அரிமளத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. வக்கீலுக்கும் போலீசுக்கும் வீடு கிடையாது. யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளும்வரை மிஸ் காத்திருக்கவில்லை. தானே போய்ச் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"டீச்சர்னுதானம்மா வீடு குடுத்தோம்."

"வக்கீலாக இன்னும் மூணு வருசம் இருக்குங்க. அதுவரைக்கும் மெதுவாப் பயப்படலாம்."

"நாளைக்கே காலி பண்ணச் சொன்னா?"

"வாடகை குடுத்த மாசம் முடியிற வரைக்கும் இது என் வீடுங்க."

உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. மிஸ் அங்கேயே இருந்தார். மாலையில் டியூஷன், காலையில் திருச்சி பஸ்.

இப்போது அந்த வீட்டின் முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. கேட் சாத்தியிருந்தது. தம்பி கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. வாடகை வீட்டுல வைக்கிற வழக்கமில்ல. நேராக் காட்டுக்குக் கொண்டுபோயிருங்க."

நம் பள்ளிக்காரர்கள் எல்லோரும் நின்றோம். முணுமுணுத்தோம். எனக்கு அந்த முணுமுணுப்பு பழக்கமானது.

"எந்தச் சட்டத்துலங்க இருக்கு?"

என் குரல்தான்.

வீட்டுக்காரர் திரும்பினார். "நீ யாரும்மா கேக்க? வக்கீலா?"

"இல்லைங்க. இந்த வருசம் அப்ளிகேசன் போடப்போறேன்."

அதைச் சொல்லும்வரை எனக்கே தெரியாது.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார்.

"மாசம் முடியலைல்ல. அவுங்க வீடு. கொண்டாங்க."

கூடத்தில் வைத்தோம். டியூஷன் பலகைக்குக் கீழே. மாலைவரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டியூஷன் பிள்ளைகள், திருச்சியிலிருந்து வகுப்புத் தோழர்கள், வேலையை இழந்த அந்தக் கணக்கு மிஸ் குழந்தையோடு.

அவர் படிப்பை முடிக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. தாளாளர் அதற்குக் கேட்ட எதிர்க்கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பதில் படிக்கப் போகிறேன். விண்ணப்பம் போட்டாயிற்று.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வருகிறவர்கள் என்னைப் பார்க்கலாம். தாளாளர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். என் சான்றிதழ்கள் உள்ளே இருக்கின்றன.