நான் ராஜினாமா செய்த வேலை

பி.எஃப். பணத்தை எடுப்பதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போனேன். வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆறு வருடம் அங்கே பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். பக்கவாதம் வந்தவர்களின் கைகால்களை அசைக்கப் பழக்குவது, மூட்டு மாற்றியவர்களை எழுப்பி நடக்கவிடுவது, இறுகிப்போன தோள்பட்டைகளை இளக்குவது. இனி அதையே வீடு வீடாகப் போய்ச் சொந்தமாகச் செய்வோம் என்று ராஜினாமா கொடுத்திருந்தேன். மடக்குகிற மேசை ஒன்றும், நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் மெஷினும் வாங்கவேண்டும். அதற்கு என் பி.எஃப். இருக்கிறது, கடன் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அக்கவுண்ட்ஸில் இருந்தவர் எனக்கு நல்ல பழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“என்ன மேடம், சும்மா வந்தியளா?”

“பி.எஃப். எடுக்கணும் சார். என் நம்பரைச் சொன்னா நானே ஆன்லைன்ல போட்டுக்கிடுவேன்.”

“யாருக்க பி.எஃப்.?”

“எனக்குள்ளதுதான்.”

அவர் சிரித்துவிட்டார். கேலியில்லை, சின்னப்பிள்ளை எதையோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல. “உங்களுக்கு ஏது மேடம் பி.எஃப்.? நீங்க நம்ம ஸ்டாஃபே இல்லல்லா!”

எனக்கு அந்த வாக்கியம் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, வாக்கியம் புரியவில்லை.

“அப்போ மாசாமாசம் பிடிச்சியளே, அது?”

“அது டி.டி.எஸ். வரிக்குப் பிடிக்கிறது. நீங்க கன்சல்டன்ட். உங்களுக்குத் தந்தது சம்பளம் இல்ல மேடம், ஃபீஸாக்கும். சேரும்போ கையெழுத்துப் போட்டியளே, ஓர்மை இல்லியா?”

கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தது. படித்துப் பார்த்தது ஞாபகம் இல்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் யார் படித்தார்கள்? சம்பளச் சீட்டு என்று ஒன்றை அங்கே ஒருபோதும் தந்ததில்லை. பணம் வங்கியில் விழும், பத்தில் ஒரு பங்கு குறைவாக. அதுதான் பி.எஃப். என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாவியைப் போடத் தோன்றவில்லை. ஸ்டாஃப் இல்லையென்றால் காலையில் யூனிஃபார்ம் போட்டுப் பெருவிரலை மெஷினில் எதற்கு வைத்தேன்? பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் காசை எப்படி வெட்டினார்கள்? என் அம்மா இறந்தபோது பதினாறு முடியும்வரை லீவு கேட்டு அந்த மேனேஜர் அறை வாசலில் நின்றேனே, அது யார்? பிரசவத்துக்குப் பின் இரண்டாவது மாதமே வரச்சொன்னார்கள். பால்கட்டி, மார்பு வலிக்க வலிக்க மற்றவர்களின் முழங்காலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தேன். ஊழியருக்குள்ள கட்டுப்பாடு எல்லாம் எனக்கு இருந்தது. ஊழியருக்குள்ள உரிமை ஒன்றுகூட இருக்கவில்லை. அது எனக்குத் தெரியவுமில்லை.

வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பி.எஃப். இல்லாத வேலை என்று ஒன்று அவருக்குக் கற்பனையிலும் கிடையாது.

“என்னட்டி சொல்லுக? ஆறு வருசமும் இல்லியா?”

“ஒரு மாசம்கூட இல்ல.”

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கைகழுவினார். எனக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மறுவாரம் வடசேரியில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தோம். என் வயதுள்ள பெண். சொந்தமாகத் தொழில் தொடங்கப்போகிறேன், வரி விவரமெல்லாம் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன். அவர் என் பான் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இனிமே தொடங்கப் போறியளா? நீங்க ஆறு வருசமா அதைத்தானே செய்துட்டிருக்கியோ! அரசாங்கக் கணக்குல நீங்க அப்பவே சுயதொழில்.”

இரண்டாவது அடி அதன்பிறகு விழுந்தது. என் வருமானம் வரி கட்டவேண்டிய அளவுக்கு வரவே இல்லையாம். ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் பிடித்த காசு முழுவதும் திரும்ப வந்திருக்கும். நான் ஒரு வருடம்கூடத் தாக்கல் செய்யவில்லை. வேலையில் இருப்பவர்களுக்கு ஆபீஸே எல்லாம் செய்யும் என்று நம்பியிருந்தேன்.

“கடைசி வருசத்துக்கு இன்னும் நேரம் இருக்கு, போட்டிரலாம். பழைய வருசங்களுக்கு மனு குடுத்துப் பாக்கலாம். கிடைக்கும்னு நான் வாக்குச் சொல்லமாட்டேன்.”

லேபர் ஆபீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். விரல்பதிவும் யூனிஃபார்மும் எனக்குச் சாதகம்தான், ஆனால் நீளும் என்றார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அப்போது எனக்குச் சண்டைக்குத் தெம்பில்லை. இன்றைக்கும் அது சரியா தப்பா என்று தெரியவில்லை.

பிறகு ஆடிட்டர் இனிமேல் செய்யவேண்டியதைச் சொன்னார். எங்களைப்போன்ற மருத்துவத் தொழிலுக்கு, வருகிற மொத்தத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மற்றப் பாதி செலவு என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்கு பில் கேட்கமாட்டார்கள். வரி வருகிற அளவுக்குச் சம்பாதித்தால் மார்ச் பாதிக்குள் முன்கூட்டியே கட்டிவிடவேண்டும். சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. “வாற காசு எல்லாம் உங்க காசு இல்ல, கேட்டியளா? கொஞ்சத்தைத் தொடாத ஒரு கணக்குல போட்டுருங்க.”

மேசையைக் கடனில்தான் வாங்கினேன். பூதப்பாண்டி, திட்டுவிளை, தாழக்குடி என்று காலையிலும் மாலையிலும் வீடுகள். ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் ஐந்து பேரைப் படுக்கவைத்து ஓடுவேன். இங்கே ஒரே ஆளோடு முக்கால் மணிநேரம் இருக்க முடிந்தது. பூதப்பாண்டியில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், வலது கையால் தானே தோசையைப் பிய்த்துத் தின்ற காலையில் அந்த வீடே அடுக்களையில் வந்து நின்று பார்த்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். கடைசி வருடத்துக்கான வரிப்பணம் திரும்ப வந்தது. குறுஞ்செய்தியைப் பார்த்து ஏதோ ஏமாற்று வேலை என்று பயந்து, பாஸ்புக்கைப் பதிந்த பிறகுதான் நம்பினேன். பழைய வருடங்களுக்கான மனுவுக்கு இதுவரை பதில் இல்லை.

மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது. மூட்டு மூட்டாக வலி. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கையே இல்லாத பிசியோ என்ன செய்வாள்? முதல் வாரம் எல்லா வீட்டிலிருந்தும் விசாரித்தார்கள். அடுத்த வாரம் போன் குறைந்தது. பிறகு நானே கூப்பிட்டேன். தோசையைப் பிய்த்த பெரியவரின் மருமகள் எடுத்தாள்.

“நீங்க வரமுடியாதுன்னுட்டு வேற ஒரு ஆளை வச்சாச்சு அக்கா. மாமாவுக்கு முடக்கம் வந்திரக்கூடாதுல்லா? தப்பா நினைக்காண்டாம்.”

தப்பே இல்லை. நான் அவளிடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் எனக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மாதம் வருமானம் என்று ஒன்றும் இல்லை, கடன்தவணை மட்டும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். “திரும்பி வந்திருங்க மேடம். இந்தத் தடவை நிஜமாவே ஸ்டாஃப். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு.”

வெடிக்கவேண்டியவள் நான். “நாளைக்குச் சொல்லுகேன் சார்” என்று என் வாய் சொன்னது. அந்த ஆஸ்பத்திரியில் நடந்த எதையும்விட இதுதான் என்னை அதிகமாக அதிரவைத்தது. மாதம் பிறந்தால் ஒரு தொகை விழும் என்ற நினைப்புக்கு அவ்வளவு இழுப்பு இருக்கிறது.

“உனக்கு எப்படித் தோணுகோ அப்படிச் செய்யி. என் பி.எஃப். ஒண்ணு இருக்குல்லா” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் போய் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஸ்டாஃப் வேண்டாம், கை சரியானதும் வாரத்தில் இரண்டு காலை மட்டும் வருகிறேன், கன்சல்டன்டாகவே வருகிறேன் என்றேன். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொண்டோம். வரமுடியாத நாளில் தகவல் சொல்வேன், லீவு கேட்கமாட்டேன் என்றும் சொன்னேன். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கை சரியாகிவிட்டது. மற்ற நாட்களில் வீடுகளுக்குப் போகிறேன். இப்போது தாழக்குடியில் மூன்று வீடு, தோவாளையில் ஒன்று.