தெருவில் நின்ற கும்பிடு

மயிலேறும் பெருமானே, முன்னின்று காத்தருள்க. இன்று வைகாசி விசாகம்.

கோயிலை அடுத்த பொட்டலில் வாலிபால் அடிபடும் ஓசை கேட்டதும் என் பால்யம் திரும்பியது. அன்று, மாநில அணிக்கு ஆடப் புறப்பட்ட பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, அரைக்கால் சட்டையோடு திருநீறு வாங்க வந்தாள். பூசகரான என் தந்தை திருநீற்றுத் தட்டைத் தொடவில்லை.

“இந்தக் கோலத்துல உள்ள வராத புள்ள. சேலை கட்டிட்டு வா.”

“பஸ்ஸு போயிரும் மாமா.”

தெருவிலிருந்தே கும்பிட்டு ஓடினாள். பின்னர் நாட்டுக்காகவே ஆடினாள், இன்று பயிற்சியாளர்.

ஓசை நின்றது. போட்டிக்குக் கிளம்பிய மாணவிகளுடன் அவளே வாசலுக்கு வந்தாள். தந்தைக்குப் பின் பூசகரான நான் திருநீற்றுத் தட்டுடன் விரைந்தேன்.

“உள்ள வாங்கக்கா.”

“இருக்கட்டும் தம்பி, உள்ளாற நமக்கு வழக்கமில்ல,” என்று சிரித்தாள்.

அந்தப் பெண்களும் பழகியவர்களாய்த் தெருவிலேயே கைகூப்பினர். கருவறையை ஏறிட்டுப் பார்க்க எனக்குக் கூசியது.

படிப்போர் யாவர்க்கும், அவர்தம் பெண்மக்களுக்கும் அவன் அருள் நிறைக.