கழுத்துவரை நிறைந்திருந்த புட்டி

கல்லூரியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் காய்ச்சி வடித்தலைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டினேன். என்னோடு ஒரே மேசையில் படித்தவன், என் மனைவியின் அண்ணன், அதையே பிழைப்பாக்கிக்கொண்டான். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து ரம், வாற்கோதுமையிலிருந்து விஸ்கி, திராட்சை மதுவைக் காய்ச்சி பிராந்தி. கடைசியாக, நாசிக் பக்கம் நுரைக்கும் ஒயின்.

ஓய்வு பெற்றதும், தான் தயாரித்த நுரைக்கும் ஒயின் புட்டி ஒன்றோடு செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தான். முதல் வாய் தங்கைக்குத்தான் என்றான்.

"சாராயத்துல மொதல்ல வடியறது விஷம், கடைசியில வடியறது நாத்தம். நடுவுல வர்றதுதான் சரக்கு. இது வேற. புட்டிக்குள்ளயே சக்கரையும் ஈஸ்டும் போட்டு மூடிடுவோம். காத்து வெளிய போவ வழியில்ல, அதான் நொர. அப்புறம் தலகீழா சாச்சு வெச்சு, தெனம் கொஞ்சம் திருப்பிக்கினே இருப்போம். கசடு கழுத்துல எறங்கும். கழுத்த மட்டும் உறைய வெச்சு மூடியத் தொறந்தா, கசடு டப்புனு வெளிய!"

"நம்மப்பா தறியிலகூட இவ்ளோ பொறுமை பாக்கலண்ணா" என்று அவள் சிரித்தாள். இதே பாடத்தை நானும் ஒருமுறை அவளுக்குச் சொன்னேன். அரிசி களைந்தபடியே கேட்டாள்.

மறுநாள் காலை இருவரும் சின்ன காஞ்சிபுரம் கோயிலுக்குப் போனார்கள். குளிர்வதற்காக ஃப்ரிட்ஜில் வைத்திருந்த புட்டியை நான் எடுத்தேன். காற்றை மட்டும் போக்கிவிட்டு மூடிவிடலாம். நுரை வராதபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தக்கையைப் பிடித்திருந்த கம்பியைத் தளர்த்தி, தக்கையை மெல்லத் திருகினேன். வெளியே வந்த தக்கை அடியில் விரிந்துவிட்டது. எவ்வளவு அழுத்தியும் திரும்ப உள்ளே போகவில்லை. அவர்கள் வரும்வரை புட்டி சமையல் மேடையில் திறந்தபடியே நின்றது.

திரும்பி வந்தவன் பார்த்தான்.

"அடப்பாவி! ஜென்மத்துல தொடாதவன், என் சரக்குன்னதும் பொறுக்க முடியலயா மாப்ள?" கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "எப்டிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

மனைவி புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சொட்டும் குறையவில்லை. அண்ணன் புட்டியைக் கையில் வாங்குமுன் மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஓரிரு குமிழிகள் ஏறி அடங்கின.

"நீங்களும் குடிங்க" என்றாள் என்னிடம். "நல்லா இருந்துச்சுன்னீங்களே."

புளித்தது. அவள் தன் பங்கை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள்.

போனில் பேசும்போதெல்லாம், "அடுத்த வாட்டி உனக்குன்னே தனியா ஒண்ணு கொண்டாறேன் மாப்ள" என்கிறான். ஒவ்வொரு முறையும் சரி என்கிறேன்.