தொப்பியைத் தூக்கும் கை

எங்கள் பங்குச் சாமியாரின் சதுரக் கறுப்புத் தொப்பிக்கு மேலே மூன்று மடிப்புகள் நிமிர்ந்து நிற்கும். மடிப்பில்லாத பக்கம் இடது காதுக்கு நேராக வரவேண்டும். திருத்தணி மாதா கோயிலில் மாதம் ஒருமுறை பழைய லத்தீன் பூசை வைக்கும்போது அதை அணிந்து வருவார். பீடத்தில் வெறுந்தலை, உட்கார்ந்தாலும் பிரசங்கம் வைத்தாலும் தொப்பி. பிரசங்கத்தில் ‘இயேசு’ என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு மரியாதையாக நடு மடிப்பைப் பிடித்துத் தூக்குவார். கை வலிக்காதா மனுஷனுக்கு என்று பாடகர் குழுவில் நாங்கள் சிரிப்போம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் என் முடி முழுக்கக் கொட்டிப்போனது. இந்த ஊரில் மொட்டைத்தலை ஒரு விஷயமா என்ன? முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு மலையிறங்குகிறவர்கள் தெருவெல்லாம். அரக்கோணம் ரயிலில்கூட ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மாதா கோயிலில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அங்கே ஆண்கள் தலையை மூடக்கூடாது. கம்பளிக் குல்லாவைக் கழற்றினால் அத்தனை கண்ணிலும் ‘ஐயோ பாவம்’ வந்து நிற்கும். அந்தப் பாவம் யாருக்கு வேண்டும்? போகாமலே இருந்துவிட்டேன். பாட்டு விட்டுப்போனதுதான் என்னைத் தின்றது.

ஒருநாள் சாமியார் வேட்டி சட்டையில் வீட்டுக்கு வந்து, டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு முழு வழுக்கை. வியர்வை தாங்காமல் நானும் குல்லாவைக் கழற்றினேன். டீக்கடைக்காரர் எங்கள் இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, ரெண்டு பேரும் சேந்து வேண்டிக்கினீங்களா?”

“ஆங், வேண்டிக்கினுதான் இருக்கோம். இவரு திரும்பப் பாட வரணும்னு.”

“வந்துடுவாருங்க. முருகன் கைவுடமாட்டாரு.”

சாமியார் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குத்தான் டீ புரையேறியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த லத்தீன் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் குல்லாவோடு உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சாமியார் தொப்பியைத் தூக்கினார். என் கையும் தானாக எழுந்து குல்லாவைத் தூக்கியது. தூக்கியதை மறுபடி மாட்ட மனம் வரவில்லை. பைக்குள் திணித்துவிட்டு, பாடகர் குழுவோடு போய் நின்றேன். குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று பாடினேன்.

சாமியார் வேறு பங்குக்கு மாறிப்போய்விட்டார். புதிதாக வந்தவருக்குத் தொப்பி வழக்கமில்லை. ஆனாலும் ‘இயேசு’ என்று காதில் விழுந்தால் என் கை தலைக்குப் போய்விடுகிறது. முடியைக் கோதுகிறேன் என்று பக்கத்தில் நிற்பவர் நினைத்துக்கொள்கிறார். நினைக்கட்டுமே, கோத முடி இருக்கிறதே!