வெள்ளையாக இருந்த ஃபில்டர்

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் பழைய இரும்பை உருக்கும் ஆலையொன்றில் அந்தோணி மெக்கானிக். பத்தொன்பது வருஷம். மனிதர்களிடம் பேச்சு குறைவு. இயந்திரத்திடம் வாய் ஓயாது. "இன்னாடி, காலையிலயே இருமுற?" என்று இரும்பை அள்ளிப் போடும் லோடர் வண்டியின் மூக்கைத் தட்டிக் கேட்பார். பதில் வந்ததாகத் தகவல் இல்லை.

அங்கே இரும்புத் தூசி சோற்றிலும் விழும், லோடரின் கையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் எண்ணெயிலும் விழும். வண்டியோடு கூடவே வந்த ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும்; மாவு மாதிரி இருப்பது உள்ளேயே சுற்றும். அந்தோணி ஒரு வருஷம் நச்சரித்து பைபாஸ் ஃபில்டர் வாங்க வைத்தார். எண்ணெயில் கொஞ்சத்தை மெல்லிய குழாயில் பிரித்து, நெருக்கமான காகித மடிப்பில் மெதுவாக வடிகட்டி, தொட்டிக்கே திருப்பி அனுப்பும் டப்பா. மகள் ஷைனியின் பிறந்த நாளை மறந்திருக்கிறார். டப்பா மாற்றும் தேதியை மறந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, லிவரை விட்ட பிறகும் லோடரின் கை நிற்காமல் இறங்கியது. கீழே சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த கோபாலுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஓட்டியவர் ஆதிகேசவன். "நான் லிவரை உட்டுட்டேன்" என்று இரண்டு நாளாக அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தோணி ஒருவர்தான் நம்பினார். தூசி வால்வில் சிக்கினால் கை அப்படித்தான் இறங்கும்.

வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் வெங்கடேசன், ஆதிகேசவன் இருவர் முன்னாலும் அந்தோணி டப்பாவைக் கழற்றினார். அதற்குப் போகும் குழாயின் திருகு ஏற்கெனவே மூடியிருந்தது. விபத்துக்குப் பிறகு யாரோ மூடியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். தகரக் கத்தரியால் டப்பாவை அறுத்தார். உள்ளே அப்பியிருக்கும் கருப்புச் சேற்றைக் காட்டினால் ஆதிகேசவன் வேலை தப்பும்.

மடிப்பைப் பிரித்தார். புதுச் சட்டை மாதிரி வெள்ளை.

"பாத்தியா, எண்ணெய் சுத்தமா கீது. மிஷின் மேல தப்பு இல்ல. இவன் தூங்கிக்கினே ஓட்டிக்கிறான்" என்றார் வெங்கடேசன். ஆதிகேசவனுக்கான வேலைநீக்கக் கடிதம் அவர் பையில் தயாராக இருந்தது.

ரெண்டு மாசம் ஓடிய ஃபில்டர் வெள்ளையாக இருக்காது என்பது அந்தோணிக்கு மட்டும் தெரியும். எண்ணெய் அதற்குள் வரவே இல்லை. புது டப்பா மாட்டிய அன்று, எண்ணெய் கொட்டக்கூடாதென்று திருகை மூடியவர் அவர்தான். திறந்த ஞாபகம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் காகிதமும் வெள்ளை, அவர் பேரும் வெள்ளை.

"சார், திருகை நான் தொறக்கல."

"இன்னா?"

"ரெண்டு மாசமா இதுக்குள்ள எண்ணெய் வரல. தூசி பூரா மிஷினுக்குள்ளதான் சுத்திக்கினு இருந்துக்குது. பெரிய வால்வைக் கழட்டிப் பாருங்க, சிக்கினு இருக்கும். ஆதி லிவரை உட்டுட்டாருதான்."

"அப்போ உன் பேரைப் போடணும்யா நான்."

"போடுங்க."

வெங்கடேசன் வேறு தாள் எடுத்தார். அந்தோணி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆதிகேசவன் வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"கோபாலாண்ட யாருண்ணா சொல்றது?"

"நான்தான். இப்பவே போறேன்."

"நானும் வரேன். அடிச்சான்னா குறுக்க ஒரு ஆளு வேணும்ல."

"எழுந்து அடிக்கிற நெலமையிலயாடா கீறான்" என்றார் அந்தோணி.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.