கையைக் காட்டச் சொன்ன இன்டர்வியூ

1. தறிக்கூடத்தில்

நான் நீட்டிய பயோடேட்டாவை மாணிக்கம் ஐயா பிரிக்காமலே தறிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கையக் காட்டும்மா" என்றார்.

நடந்தது பண்ணை மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூ. ஐயா காஞ்சிபுரத்தில் பரம்பரைப் பட்டு நெசவாளர். தென்னேரியில் குடும்பத்துக்கு ஏரிப் பாசன நிலம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேடினார். கைரேகை பார்க்கப் போகிறாரோ என்று நினைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன். ஒரு பார்வை பார்த்தார்.

"சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். நான் வேளாண்மை டிப்ளமோ படித்தவள். வாலாஜாபாத் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தேன். அந்தப் பண்ணையை ஓசூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். கணவருக்கு வேலை இங்கே, மகள் ப்ளஸ் டூ. இந்த வேலை கிடைக்காவிட்டால் அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் ஓசூருக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

ஐயாவின் மனைவி சரோஜாம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டே, "என் கையில என்னம்மா குறை?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது அவரு பழக்கம்மா. தறிக்கு ஆள் எடுக்கும்போது மொதல்ல கையத்தான் பாப்பாரு. சொரசொரன்னு இருந்தா பட்டு இழை மாட்டிக்கும் இல்ல? அதையே நெலத்துக்கும் பாத்துக்கினு இருக்காரு. போன ரெண்டு மேனேஜருக்கும் கை ரோசாப்பூ மாதிரி இருந்துச்சு. நெலந்தான் காஞ்சி போச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. களை பிடுங்கியும் மூட்டை தூக்கியும் காய்ப்பு ஏறிய கை இது. இத்தனை நாள் சோறு போட்ட கையே இப்போது வேலையைக் கெடுப்பதா? காபியை அப்படியே வைத்துவிட்டுத் தறிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, நான் உங்க நெலத்துல பொடவை நெய்ய வரல."

தறிச் சத்தம் நின்றது. முடிந்தது கதை என்று நினைத்தேன். ஐயா மனைவியைப் பார்த்தார்.

"இதத்தாங்க நானும் ரெண்டு தபா சொன்னேன்" என்றார் சரோஜாம்மா.

"சரி, நெலத்துக்கு ஆள் எடுத்தா என்னத்தப் பாக்கணும்? நீயே சொல்லும்மா."

"நான் சொன்னா எனக்கு சாதகமாத்தான் சொல்லுவேன். நெலத்துக்கு வாங்க. அங்க வெச்சுப் பாருங்க."

2. வரப்பில்

ஐயாவின் மகன் ஓட்ட, அவருடைய காரில் போனோம். நடவு முடிந்து நாற்று பச்சை பிடித்திருந்தது. ஆனால் வயலில் தண்ணீர் நிற்கவில்லை.

"மதகுலேர்ந்து நல்லாத்தான் வருது. எங்க போவுதுன்னே தெரியல. பழைய மேனேஜரு ஏரியிலயே தண்ணி கம்மின்னாரு" என்றார் ஐயா.

வரப்போரம் நடந்து பார்த்தேன். பக்கத்து வயல் மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது. நண்டு வளையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இன்டர்வியூவுக்கு என்று கஞ்சி போட்டுக் கட்டிய காட்டன் புடவை. அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். வரப்பின் அடியில் கையை விட்டுத் துழாவினால், முழங்கை வரை உள்ளே போகிற வளை. சேற்றையும் புல்லையும் பிசைந்து திணித்து, மேலே மண் போட்டு மிதித்தேன். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. அதையும் அடைத்தேன். பக்கத்து வயலுக்குள் கசிந்த தண்ணீர் நின்றது.

நிமிர்ந்தபோது ஐயா வரப்பில் குந்திக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறிக்கு ஆள் எடுத்தா கையப் பாத்ததும் ஒரு இழைய அறுத்துட்டு முடிச்சுப் போடச் சொல்லுவோம்" என்றார். "அந்த முடிச்சப் போடறப்பவே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். உங்கிட்ட பாதிப் பரீட்சைதான் வெச்சேன்மா. நாளைக்கே வந்துடு."

மகனுக்குச் சந்தோஷம்தான், ஆனால் சேற்றுக் காலோடு காரில் ஏறப்போகிறேனே என்று ஒரு கவலையும் இருந்தது. வாய்க்காலில் கழுவிக்கொண்டு ஏறினேன். கணவருக்குப் போன் போட்டு, ஓசூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை என்று சொன்னேன்.

3. அறுவடைக்கு அப்புறம்

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. புது அரிசியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று காஞ்சிபுரம் போனேன். ஐயா தன் கையால் நெய்த புடவை ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். அரக்குச் சிவப்பு, மெல்லிய கரை. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"அம்மாகிட்ட குடுங்க ஐயா, பையில போட்டுத் தருவாங்க. என் கை பட்டா இழுத்துக்கும்."

இப்போது நானே ஆள் எடுக்கிறேன். டிராக்டர் ஓட்டவோ, நாற்று விடவோ யார் வந்தாலும் முதலில் அரை நாள் வயலில் வேலை செய்யச் சொல்லி, அந்தக் கூலியையும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பேச்சு. வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்களைப் பார்த்தே முடிவு செய்துவிட்டால், செய்து காட்ட இடம் கேளுங்கள். வாய் விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

புடவையைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஐயா அதை சரோஜாம்மாவிடம் கொடுக்கவில்லை.

"இழுத்தா இழுக்கட்டும்மா, புடி" என்று என் கையிலேயே வைத்தார்.

ஓர் இழை மாட்டி இழுத்துக்கொண்டது. அதைச் சரி செய்து தருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். நான் கொடுப்பதாக இல்லை.