கேமராவுக்காக நழுவிய கத்தி

திருப்பாதிரிப்புலியூரில் ரெபேக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு, சனிக்கிழமை சாயந்தரம் அவள் செம்மண்டலத்தில் என்ன செய்கிறாள் என்று தெரியாது. தெரிந்தவர்கள், "குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ கத்திச்சண்ட கத்துக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குவைத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் மாரிடெஸ், பிலிப்பைன்ஸ்காரி. லீவு நாளில் இருவரும் மொட்டைமாடிக்குப் போவார்கள். பிரம்பு கிடைக்காத ஊரில் துடைப்பக் கட்டையை இரண்டாக அறுத்து ஆளுக்கு ஒன்று. இந்தக் கம்பு, கத்திச் சண்டையை ஆர்னிஸ் என்பார்கள் அந்த நாட்டில். சும்மா சொல்லக் கூடாது, மாரிடெஸ் பொல்லாத வாத்தியார். கம்பை ஓங்க விடுவதற்கு முன் மாதக்கணக்கில் கால் வைக்க மட்டுமே சொல்லிக்கொடுத்தாள். ஒரே அடி, ஒரே திருப்பம், மறுபடி அதே. பார்க்கிறவனுக்குக் கொட்டாவிதான் வரும்.

ஊருக்குத் திரும்பித் தையல் மிஷின் போட்டவள், சனிக்கிழமைகளில் செம்மண்டலம் சர்ச்சின் பங்கு மண்டபத்தைக் கேட்டு வாங்கிப் பெண்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தாள். சுடிதாரும் செருப்பும்தான் யூனிபார்ம். தெருவில் எவனாவது வந்தால் வேறு உடுப்பு மாற்றிக்கொண்டா நிற்கப்போகிறோம்? முனை மழுங்கின அலுமினியக் கத்தியின் ஓரத்தில் லிப்ஸ்டிக்கைத் தடவிவிட்டு, "புடுங்குடி பாக்கலாம்" என்பாள். பிடுங்கியவள் துள்ளிக் குதிப்பாள். ரெபேக்கா அவள் கையைத் தூக்கிக் காட்டுவாள். மணிக்கட்டு, முழங்கை, கழுத்தோரம், எல்லா இடத்திலும் சிவப்புக் கோடு.

"புடுங்கிட்ட, சரி. நெசக் கத்தியா இருந்தா இப்ப ஆஸ்பத்திரியில கெடப்ப. பைய மூஞ்சில எறி, கத்து, ஓடு. வேற வழியே இல்லன்னாதான் கையப் போடணும்."

இதை அவள் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

அந்த வகுப்புக்கு வந்தவள்தான் சிந்துஜா. சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை, தினமும் கடலூரிலிருந்து பஸ். கொளஞ்சியப்பன் என்பவனோடு நிச்சயம் ஆகி, அவன் குடியையும் கைநீட்டலையும் பார்த்து அவளே வேண்டாம் என்றவள். அதிலிருந்து அவன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்க ஆரம்பித்தான். பேசமாட்டான், கிட்டே வரமாட்டான். நிற்பான், அவ்வளவுதான். போலீஸில் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பிறகு சில நாள் காணோம். அப்புறம் மறுபடி நின்றான்.

இந்த நேரத்தில்தானா அந்த டிவிக்காரர்கள் வரவேண்டும்! மகளிர் தின ஸ்பெஷலாம். வந்ததும் வராததுமாக மண்டபத்தில் புகையைப் போட்டார்கள். பெண்களுக்குக் கறுப்புச் சட்டை, நெற்றியில் சிவப்புத் துணி. பின்னால் தொங்கவிட்ட திரையில் ஒரு சீன டிராகன். "சார், இது பிலிப்பைன்ஸ்" என்றாள் ரெபேக்கா. "ஆடியன்ஸுக்கு எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றான் டைரக்டர். கால் வைக்கும் பயிற்சியைக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டல்லடிக்குது" என்று நிறுத்தினான். கத்தியில் இருந்த லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொன்னான். ஓடுவதைப் பற்றி அவள் மூச்சுப் பிடிக்கப் பேசியபோது கேமராக்காரன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பாவி, அதில் ஒரு சொல்கூட டிவியில் வரவில்லை.

சிந்துஜாவின் முறை வந்தது. மூன்று தடவை முயன்றும் கத்தி ரெபேக்காவின் கையை விட்டு வரவில்லை. டைரக்டர் ரெபேக்காவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"கொஞ்சம் லூசா புடிங்க மேடம். அவ கை பட்டதும் விட்டுடுங்க. அவகிட்ட சொல்லாதீங்க, மூஞ்சில அந்த சந்தோஷம் நெசமா வரணும்."

வெளிச்சம் கண்ணைக் கூச, எல்லோரும் காத்திருக்க, ரெபேக்கா விட்டாள். கத்தி தரையில் விழுந்து கணீரென்றது. சிந்துஜா போட்ட கூச்சலில் மண்டபமே கைதட்டியது. சந்தோஷம் நெசமாகத்தான் வந்தது.

ஒளிபரப்பான அன்று, அதே காட்சியை மெதுவாக, வேகமாக, மேலிருந்து, கீழிருந்து என்று போட்டுத் தள்ளினார்கள். "ஒரே வாரப் பயிற்சி! ஒரே நொடியில் கத்தி பறிப்பு!" என்று ஒருவன் அடித்தொண்டையில் முழங்கினான். அடுத்த சனிக்கிழமை சிந்துஜா நடந்து வந்த நடையே வேறு.

"அக்கா, அவனும் டிவில பாத்திருக்கான். நேத்து பஸ் ஸ்டாண்டுல மொத தடவையா பேசுனான். நல்லா புடுங்குறியே, எங்கிட்டயும் புடுங்குவியான்னு கேட்டுட்டு சிரிச்சான்."

"நீ என்னா பண்ண?"

"நானும் சிரிச்சேன். வரட்டும்க்கா. இனிமே நான் ஏன் ஓடணும்?"

கத்தியைத் தானேதான் விட்டேன் என்று ரெபேக்கா அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ஜாக்கெட்டில் இரண்டு கையையும் மாற்றித் தைத்துவைத்தாள். அவள் புருஷன் சகாய ஆனந்த், குடிகாட்டில் உள்ள ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னா அவ மூஞ்சி வாடிப்போயிடும்யா."

"வாடுன மூஞ்சி தேறிடும். உசுரு?"

அதற்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். ஸ்கேன் சென்டரின் பின்பக்கம், சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"நீ புடுங்கலடி. நான் விட்டேன்."

சிந்துஜா முதலில் சிரித்தாள். அப்புறம் முகம் கறுத்தது. "ஊரே என்னைப் பேசுதுன்னு பொறாமையாக்கா உங்களுக்கு?"

ரெபேக்கா பையிலிருந்து அலுமினியக் கத்தியை எடுத்தாள், லிப்ஸ்டிக்கைத் தடவினாள், இறுக்கிப் பிடித்தாள். "வா." சிந்துஜா பாய்ந்தாள். மறுபடி பாய்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும். நின்றபோது அவளுடைய வெள்ளைக் கோட்டில் வயிறு, மார்பு, கை எங்கும் சிவப்பு. கூட வேலை பார்க்கும் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போங்கக்கா" என்றாள் அழுதுகொண்டே. "இங்க வராதீங்க."

சனிக்கிழமை வகுப்புக்கு அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கொளஞ்சியப்பன் தினமும் நிற்கிறான் என்று மட்டும் வேறொரு பெண் சொன்னாள். கடையில் போன் அடித்தால் ரெபேக்காவின் கால் மிஷின் பெடலிலேயே நின்றுவிடும். என்னை அசிங்கப்படுத்தினவளுக்குப் பிடுங்கிக் காட்டுகிறேன் என்று சிந்துஜா வீம்புக்கு நின்றுவிட்டால்? தானே அவளைப் பிடித்துத் தள்ளியது போல ஆகிவிடாதா? மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே துணி வெட்டினாள்.

ஒரு சாயந்தரம் அதே பெண்ணிடமிருந்து போன் வந்தது. கீழ வீதி வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவளின் முன்னால் கொளஞ்சியப்பன் கத்தியோடு வந்து நின்றிருக்கிறான். சிந்துஜா பையை அவன் முகத்தில் எறிந்து, கத்திக்கொண்டே ஓடி, ஒரு பாத்திரக் கடைக்குள் விழுந்திருக்கிறாள். கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடியிருக்கிறார். மேலே ஒரு கீறல் இல்லை. ரெபேக்கா போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் சிந்துஜா தையல் கடைக்கே வந்தாள். ரெபேக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஓடுன பாரு, அதுதான்டி தெறமை. அதுக்குத்தான் இத்தன நாளு." சிந்துஜா டீயைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, ஊரே கேலி பண்ணுது. டிவில புடுங்குனவ நெசத்துல ஓடிட்டாளாம்."

"பண்ணட்டும். கேலியால யாரும் செத்தது கெடையாது."

"அதில்லக்கா. அவன் கை நடுங்குச்சு, நான் பாத்தேன். நின்னிருந்தா புடுங்கியிருப்பேன்... இல்ல?"

ரெபேக்கா அவள் கண்ணையே பார்த்தாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கொளஞ்சியப்பன் இன்னும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை அவள் அதே பஸ் ஸ்டாண்ட் வழியாக வேலைக்குப் போகிறாளாம்.